பத்தடிக்கு ரெண்டு இஞ்ச்

மழை விட்டு நான்கு நாளாகியும் அந்த வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர் வற்றவில்லை. மற்ற வீடுகளில் மறுநாளே துணி காயப்போட்டுவிட்டார்கள். இந்த வீடு மட்டும் தெருவின் தாழ்ந்த முனையில் இருந்தது. மேலே நாலு விரற்கடை கறுப்பு மண், அதன் கீழே முழுக்கச் சாம்பல் நிறக் களிமண். களிமண்ணின் துகள்கள் மிகப் பொடியானவை, தட்டையானவை. நனைந்ததும் உப்பி ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் இருக்கிற சின்னச் சின்ன வழிகளையும் அடைத்துவிடும். மேலே விழுந்த தண்ணீர் கீழேயும் இறங்க முடியாது, சரிவு இல்லாததால் பக்கவாட்டிலும் ஓட முடியாது. வெயில் வந்து குடித்தால்தான் உண்டு.

வீட்டுக்காரர் தச்சர். நாற்பது வருடமாக மேசையும் நாற்காலியும் அலமாரியும் செய்தவர். வயதானபின் பட்டறையைப் பக்கத்து அறைக்குச் சுருக்கிக்கொண்டு, பழைய சாமான்களுக்குக் கால் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியைத் தெருவே டெய்லரம்மா என்றுதான் கூப்பிட்டது. எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, எழுந்து நிற்கிற பலம் திரும்பவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. தையல் மெஷினை மிதிக்க முடியாதென்றானதும், இரண்டு கடைகளிலிருந்து கோட்டுகளும் நல்ல சட்டைகளும் வாங்கிக் கையால் காஜா எடுக்க ஆரம்பித்தார்.

காஜா என்றால் பொத்தான் நுழைகிற ஓட்டை. பார்க்க ஒன்றுமில்லை. துணியில் சின்னதாக ஒரு வெட்டு, அதன் ஓரம் பிரியாமல் சுற்றித் தையல். ஆனால் ஒவ்வொரு தையலும் ஓரத்தில் ஒரு முடிச்சாக விழ வேண்டும். ஒன்றுக்கு ஐம்பது அறுபது முடிச்சு. எல்லாம் ஒரே இடைவெளி. கறுப்புக் கோட்டில் கறுப்பு நூலால் இதைச் செய்ய விளக்கு வெளிச்சம் போதாது. அந்த வீட்டு ஜன்னல்களையோ இரண்டு பக்கத்து மாடிக் கட்டடங்களும் மறைத்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் இருந்தது பின்புறத்தில்தான். காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை வானம் முழுசாக இறங்குகிற இடம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியபோதே தச்சர் பின்வாசலுக்கு ஆறடி நீளத்தில் ஒரு சாய்வுப் பலகை செய்து போட்டிருந்தார். பலகை முடிகிற இடத்தில் சேறு தொடங்கியது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் நாற்காலி அந்தச் சேற்றில் இறங்கி அச்சுவரை புதைந்துவிட்டது. தூறலில் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். தச்சர் பட்டறையில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இழைப்பு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டது கேட்கவில்லை. அதற்குப்பின் டெய்லரம்மா பின்பக்கம் போகவில்லை. கடைகளுக்குத் துணி திரும்பிப் போனது.

மகள் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில், மூன்றாவது மாடிக் குடியிருப்பில் இருந்தாள். சேற்றில் சிக்கியது அவளுக்குத் தெரிந்ததும் தினமும் போன்.

"அம்மா, இங்க லிஃப்ட் இருக்கு. பால்கனி இருக்கு. உனக்குன்னு ஒரு ரூம் காலி பண்ணி வச்சிருக்கேன். அப்பா பட்டறையை விட்டு வரலன்னா அவர் இருக்கட்டும். நீ வா."

"வந்து?"

"வந்து என்ன, இரு. பக்கத்துல ஆள் இருக்கும். நான் நிம்மதியா தூங்குவேன்."

"நீ தூங்குறதுக்கு நான் வரணுமா?"

"ஆமா. அதுக்குத்தான் கூப்பிடறேன்னே வச்சுக்கோ."

டெய்லரம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "ஒரு மாசம் குடு. பின்னாடி தரை போடுறோம். நானா வெளிய போய் உக்காந்து வேலை பார்க்க முடிஞ்சா இங்க இருக்கேன். முடியலன்னா வண்டியைக் கூட்டிட்டு வா, ஏறிக்கிறேன்" என்றார்.

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு என்று பேசி முடிந்தது.

தச்சருக்கு மரம் தெரியும், மண் தெரியாது. எதிர் வீட்டு ரோலரைக் கூப்பிட்டார். அது அந்தப் பெண்ணுடைய பெயர் இல்லை. இருபது வருடமாக ரோடு போடுகிற கூட்டத்தில் வேலை. முதல் ஆறு வருடம் ரோடு உருளை ஓட்டியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மேஸ்திரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். குரல் தெரு முழுக்கக் கேட்கும்.

ரோலர் வந்ததும் மண்வெட்டியைத்தான் கேட்டாள். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். அது ஊறட்டும் என்று ஒரு நாள் விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி ஊற்றி, குச்சியில் கோடு போட்டுக் குழிக்குள் நட்டாள். நல்ல மண்ணாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு விரற்கடையாவது இறங்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மூவரும் டீ குடித்தார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் வெங்காயமும் இருந்தது. தச்சர் நாலு முறை எழுந்துபோய்ப் பார்த்தார்.

"எத்தனை தடவை பார்த்தாலும் அது தன் நேரத்துக்குத்தான் இறங்கும் அண்ணே. உக்காருங்க."

"கோட்டுக்குக் கீழ ஒண்ணும் போகலியே."

"போகாது. இது மண்ணு இல்ல, சட்டி. அடியில ஓட்டை இல்லாத சட்டி."

"சட்டில கல்லைப் போட்டா?"

"கல்லும் தண்ணியும் இருக்கும்."

பின்வாசலில் நாற்காலியில் இருந்த டெய்லரம்மா சிரித்தார். "நல்லா சொல்லு ரோலரு. காலையில இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? ரெண்டு நாள்ல பலகை அடிச்ச மாதிரி கல்லை அடுக்கிடலாம்னார்."

"அடுக்கலாம் அண்ணி. மூணு மாசத்துல ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும்."

ரோலர் சொன்ன வழி இது. சாய்வுப் பலகை முடிகிற இடத்திலிருந்து பின்சுவர் பக்கமாகப் பத்தடி, அகலம் பன்னிரண்டடி. அந்த இடம் முழுக்க முக்கால் அடி ஆழத்துக்குக் களிமண்ணை எடுத்துவிட வேண்டும். அடியில் ஒரு துணி விரிக்க வேண்டும். தண்ணீரை விடும், மண்ணை விடாத துணி. அது இல்லாவிட்டால் களிமண் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி ஜல்லியின் இடுக்குகளை அடைத்து, ஜல்லியும் களிமண்ணாகிவிடும். அதன்மேல் ஜல்லி, ஜல்லிமேல் ஒரே ஒரு இஞ்ச் மணல், மணல்மேல் கல். தாழ்ந்த ஓரத்தில் ஒரு நீளப் பள்ளம், அதில் ஓட்டை போட்ட குழாய், பின்சுவருக்கு வெளியே போகிற மழைநீர்க் கால்வாயில் அதன் வாய்.

குழி வெட்ட ரோலர் தன் கூட்டத்திலிருந்து இரண்டு பேரை ஒரு நாள் கூட்டிவந்தாள். ஈரக் களிமண் மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் தகட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். நனைந்த இரும்பில் மண் ஒட்டுவது குறைவு. தச்சர் வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

குழாய் இறக்குகிற அன்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, ஓட்டையைக் கீழ பார்க்க வைக்கிற? மேல இருந்தாத்தானே தண்ணி உள்ள விழும்?"

ரோலருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். "எல்லாரும் இதான் கேப்பாங்க. தண்ணி மேலேருந்து வந்து குழாய்ல விழுறதில்ல அண்ணே. அது நேரா பள்ளத்துக்கு அடியில போயிடும். அப்புறம் அங்கேருந்து நிறைஞ்சு மேல ஏறும். ஓட்டை கீழ இருந்தா, ஏற ஆரம்பிச்ச உடனே உள்ள புகுந்து ஓடிடும். மேல இருந்தா, குழாயே முழுகுற வரைக்கும் காத்துக்கிட்டு கிடக்கணும்."

தச்சர் யோசித்தார். "சரிதான்" என்றார். அவரிடமிருந்து அந்த வார்த்தை சுலபமாக வராது.

ஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று மூன்று இஞ்சாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். மொத்தமாகக் கொட்டி இடித்தால் மேல்பாகம் இறுகும், அடிப்பாகம் தளர்ந்தே இருக்கும். திமிசுக்கட்டையைத் தச்சரே செய்தார்: கனமான மரக்கட்டை, இரண்டு பக்கம் கைப்பிடி. இறுகாத இடத்தில் 'பொத்' என்று சத்தம் வரும். இறுகியதும் சத்தம் மாறி, கட்டை கொஞ்சம் எகிறும். டெய்லரம்மா வாசலில் இருந்தபடி காதால் கேட்டே, "அந்த மூலை இன்னும் ஆகல" என்பார். போய் இடித்தால் ஆகியிருக்காது.

பிறகு நூல் கட்டுகிற நாள் வந்தது. நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, கல்லின் மேல்மட்டம் எங்கே வரவேண்டுமோ அந்த உயரத்தில் நூல் இழுப்பார்கள். வாசல் பக்கத்து நூலைவிடச் சுவர்ப் பக்கத்து நூலை ரோலர் இறக்கிக் கட்டினாள்.

தச்சர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துவந்து நூலோடு சேர்த்துப் பிடித்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி நடுக்கோட்டை விட்டு ஓரத்துக்குப் போய் நின்றது.

"எவ்வளவு இறக்கியிருக்க?"

"பத்தடிக்கு ரெண்டு இஞ்ச். வாட்டம் வேணும்ல?"

"குமிழி ஓரத்துல நிக்குதே."

"நிக்கட்டும்."

"கொஞ்சம் குறைச்சுக்கலாமே."

"குறைச்சா தண்ணிக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது. கண்ணுக்கு வாட்டம் தெரியவே தெரியாது அண்ணே, தண்ணிக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியுது."

"உங்களுக்குக் குமிழி தெரியுது. அதைக் கொண்டுபோய் உள்ள வைங்க."

மறுநாள் ரோலருக்கு வேறிடத்தில் ரோடு வேலை வந்துவிட்டது. நாலு நாள் ஆகும் என்றாள். நூல் இருக்கிறது, மணலைப் பரப்பிக் கல்லை நூலுக்குச் சரியாக வைத்துக்கொண்டே போனால் போதும், மரத்தில் கை பழகியவருக்கு இது விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன அன்று காலை தச்சர் சுவர்ப் பக்கத்து நூலை இரண்டு இஞ்ச் தூக்கிக் கட்டினார்.

அவர் கல் வைத்த அழகைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்து எந்த முகம் மேலே வரவேண்டும் என்று முடிவு செய்தார். ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டத்தை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, மூலைக்கு மூலை ஒரு தடவை வைத்தார். நூல்கனம்கூட எங்கும் தூக்கல் இல்லை. புதன்கிழமை மாலை கடைசிக் கல் விழுந்தபோது பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரே மேசைப் பலகை போலக் கிடந்தது. டெய்லரம்மாவின் நூல்கண்டு ஒன்றை எடுத்துவந்து நடுவில் படுக்கவைத்தார். அது எந்தப் பக்கமும் உருளவில்லை.

"பார்த்தியா?"

"பார்த்தேன். ரோலர் உருளணும்னு சொன்னாளா, உருளக்கூடாதுன்னு சொன்னாளா?"

"அவ ரோடு போடுறவ. இது வீடு."

டெய்லரம்மா நூல்கண்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். நாற்பது வருடம் கூட இருந்தவருக்கு, இந்த மனுஷன் எந்தக் கேள்விக்கு மேல் பதில் சொல்லமாட்டார் என்று தெரியும்.

வியாழன் பிற்பகல் மழை பெய்தது. பெரிய மழையில்லை, முக்கால் மணி நேரம். விட்டதும் பார்த்தால் தரை முழுக்க அரை விரற்கடைத் தண்ணீர், கண்ணாடி விரித்த மாதிரி. துணிக் கொடியும் மேகமும் அதில் அப்படியே தெரிந்தன. கற்கள் நெருக்கமாக இருந்ததால் இடுக்கில் இறங்கவும் இல்லை, எங்கும் ஓடவும் இல்லை. சாய்வுப் பலகை முடிகிற மூலையில் கல் லேசாக இறங்கியிருந்தது போலும், அங்கே இன்னும் ஆழமாக நின்றது.

அன்று மாலையே ரோலர் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடுவில்போய் நின்றாள். திட்டவில்லை. சுவர் ஓரத்துக் கல் ஒன்றை நெம்பி எடுத்து, கீழே விரலை விட்டாள்.

"மூணு இஞ்ச் மணல். ஒரு இஞ்ச்தானே அண்ணே சொன்னேன்?"

தச்சர் அந்தக் கல்லை வாங்கி ஓரமாக வைத்தார்.

"நூலைத் தூக்கிட்டீங்க. தூக்கின இடத்தை மணலைப் போட்டு ரொப்பியிருக்கீங்க. இந்த மணல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பள்ளத்துல இறங்கும். நீங்க மட்டமா போட்டது மட்டமாவே இருக்காது."

"மட்டமா இருக்கிறது தப்புன்னு என் கைக்குச் சொல்லத் தெரியல."

"அது மட்டும்தான் காரணமா?" இதைக் கேட்டது டெய்லரம்மா. வாசலில் இருந்து மெதுவாகத்தான் கேட்டார். "அவகிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லலன்னாலும் பரவாயில்ல."

தச்சர் ரசமட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க ஒன்றுமில்லை.

"அன்னைக்கு இவ சேத்துல மாட்டினாள்ல. நான் தள்ளிட்டுப் போய் விட்டதா எல்லாரும் நினைக்கிறாங்க. நான் பக்கத்துலயே இல்ல. இவ அந்தப் பலகைக்கு மேல, வாசல்ல உக்காந்து காஜா எடுத்துட்டிருந்தா. ரெண்டு கையும் வேலையில. பிரேக் வழுக்கிடுச்சு. வண்டி தானா இறங்கி ஓடியிருக்கு. சேறு பிடிச்சு நிறுத்துச்சு. சேறு இல்லன்னா நேரா சுவர்ல போய் மோதியிருப்பா."

"புது பிரேக் போட்டாச்சே" என்றார் டெய்லரம்மா.

"பழசும் ஒரு நாள் புதுசா இருந்ததுதான்." அவர் ரோலரைப் பார்த்தார். "நீ வாட்டம் வைக்கணும்னு சொல்ற. எந்தப் பக்கம் தண்ணி ஓடுமோ அந்தப் பக்கம்தானே சக்கரமும் ஓடும்? தனியா உக்காந்திருக்கிறவ. எனக்குக் காதும் சரியில்ல."

ரோலர் அந்தத் தண்ணீரிலேயே இரண்டடி நகர்ந்தாள். பிறகு பெருவிரலால் ஒரு கல்லைத் தேய்த்துக் காட்டினாள்.

"அண்ணே, இங்க இப்படியே தண்ணி நின்னா பத்து நாள்ல பாசி பிடிக்கும். பச்சையா, சோப்பு மாதிரி. அது மேல எந்தப் பிரேக்கும் நிக்காது. சக்கரம் சுத்தாது, ஆனா வண்டி போகும். நீங்க எதுக்குப் பயந்தீங்களோ அதுக்குத்தான் இப்ப இடம் போட்டு வச்சிருக்கீங்க."

தச்சர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு வர்றா" என்றார்.

"வெள்ளி, சனி ரெண்டு நாள் இருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்பப் போட்டுடலாம். நான் லீவு சொல்றேன்."

"ஓரத்தை என்ன பண்றது? சக்கரம் கடைசில போய் நிக்கிறதுக்கு ஏதாச்சும் வேணுமே."

"சுவர் மாதிரி கட்டினா தண்ணியும் நின்னுடும்" என்றாள் ரோலர்.

"துணிக்கு ஓரம் மடிக்கிற மாதிரி ஒண்ணு வைங்க" என்றார் டெய்லரம்மா. "ஆனா ஓட்டுத் தையல் மாதிரி, விட்டு விட்டு. ஒரு கல்லு, ஒரு விரல் சந்து. ஒரு கல்லு, ஒரு விரல் சந்து. சக்கரம் சந்துல போகாது. தண்ணி போகும்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். "ஏன், நான் சொல்லக்கூடாதா? உங்க ரெண்டு பேரையும் ஒரு மாசமா இங்கேயே உக்காந்து பார்த்துட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கல்லை எடுக்க ஆரம்பித்தார்கள். வைத்த வரிசை கெடாமல் சுண்ணக்கட்டியால் எண் போட்டு அடுக்கினார் தச்சர். மிச்ச மணலை வழித்தெடுத்தார்கள். நூலை மறுபடி இறக்கிக் கட்டியாயிற்று. அதற்குப்பின் அவர் பட்டறைக்குள் போய் அரை மணி நேரம் வரவில்லை. ரோலர், கோபித்துக்கொண்டாரோ என்று டெய்லரம்மாவிடம் சாடையில் கேட்டாள்.

வந்தபோது கையில் ஐந்தடி நீளத்தில், கோணல் இல்லாமல் இழைத்த ஒரு பலகை. அதன் ஒரு முனையின் அடியில் சரியாக ஒரு இஞ்ச் கனத்தில் ஒரு கட்டையை ஒட்டியிருந்தார்.

"இந்தக் கட்டை சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி பலகையை வை. தரை அஞ்சடிக்கு ஒரு இஞ்ச் இறங்கியிருந்தா பலகை மட்டமா நிக்கும். மேல ரசமட்டத்தை வச்சா குமிழி நடுவுல இருக்கும்."

ரோலர் வாங்கி, அதற்குள் நூலுக்குச் சரியாக வைத்திருந்த இரண்டு கல்லுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் வந்து நின்றது. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருபது வருஷமா நாங்க நூலையும் கண்ணையும் நம்பியே ஓட்டிட்டோம். இதை எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க அண்ணே."

"இதையே எடுத்துக்கோ. வேலை முடியட்டும்."

அன்றும் மறுநாளும் வேலை ஓடியது. மதியத்துக்கு அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும். டெய்லரம்மா உட்கார்ந்தபடியே செய்து கொடுத்தார். சனிக்கிழமை காலை வந்த தூறல் அரை நாளைத் தின்றுவிட்டது. ஈர மணலைச் சமமாக இழுக்க முடியாது, திட்டுத்திட்டாக ஒட்டும். காய்கிற வரை காத்திருந்தார்கள்.

அதனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மகள் வந்தபோது பாதித் தரைதான் இருந்தது. மீதி மணல். சுவர் ஓரமாக எண் போட்ட கற்கள் குவிந்திருந்தன. அவள் பின்வாசலில் நின்று பார்த்தாள்.

"ஒரு மாசம்" என்றாள். "ஒரு மாசமா இதையா பண்ணீங்க?"

"முடிச்சிட்டோம். திரும்ப எடுத்துட்டோம்" என்றாள் ரோலர்.

"ஏன்?"

"நான் தப்பா போட்டேன்" என்றார் தச்சர்.

"வண்டி அஞ்சு மணிக்கு வருது அம்மா. கட்டிலை ஏத்தணும்னு சொல்லியிருக்கேன்."

"வரட்டும். இப்ப மணி பத்துதானே."

மகள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. தச்சர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு அவளிடம் வந்தார். அன்று பிரேக் வழுக்கியதையும், தான் அருகில் இல்லாததையும், ஒரு மணி நேரத்தையும் முழுதாகச் சொன்னார். அதை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சேற்றில் சக்கரம் சிக்கியது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது சொல்வது தனக்கு எதிராகத்தான் போகும் என்று தெரிந்தே சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப்போய், விட்ட இடத்திலிருந்து கல் வைக்க உட்கார்ந்தார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். "இதைக் கேட்ட அப்புறமும் உன்னை இங்க விட்டுட்டுப் போகணுமா?"

"உக்காரு."

"உக்கார வரல."

"உன் வீட்டு ரூம்ல எனக்கு ஒரு குறையும் இருக்காது. எனக்குத் தெரியும். ஆனா ஒம்பது மாசமா என்னை யாராச்சும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. நீ போன்ல பார்க்கிற. அவர் கதவிடுக்குல பார்க்கிறார். தண்ணி குடிச்சா ஒருத்தர் பார்க்கிறாங்க. ஊசில நூல் கோத்தா ஒருத்தர் பார்க்கிறாங்க. பார்க்க ஆள் இல்லாத ஒரு இடம் எனக்கு வேணும். பத்தடி போதும்."

"விழுந்தா?"

"விழுந்தா கூப்பிடுவேன். மெஷின் ஓட்டுறப்ப பஞ்சு வைக்க மாட்டார். அது பேசியாச்சு."

மகள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, "கல்லை எப்படி எடுக்கணும்?" என்றாள்.

"நம்பர் பார்த்து. முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு" என்றாள் ரோலர்.

கடைசி வரிசையைக் குத்துக்கல்லாக நிறுத்தினார்கள். தரையைவிட இரண்டு விரற்கடை உயரம், கல்லுக்குக் கல் ஒரு விரல் சந்து. பிறகு காய்ந்த பொடிமணலைக் கொட்டித் துடைப்பத்தால் எல்லா இடுக்கிலும் தள்ளினார்கள். இந்தப் பொடிமணல்தான் கற்களை அசையாமல் பிடிக்கிறது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கும். மணி மூன்றரை.

மழை இல்லை. மகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வாசல் பக்கமாக ஊற்றினாள். தண்ணீர் பரவி, ஒரு கணம் தயங்கினாற்போல இருந்து, பிறகு அகலமாகச் சுவரை நோக்கி நகர்ந்தது. குத்துக்கல் சந்துகளில் புகுந்து ஜல்லிக்குள் இறங்கியது. அவள் இன்னும் ஐந்து வாளி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு வெளியே கால்வாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "குழாய் பேசுது" என்றாள் ரோலர்.

தச்சர் நாற்காலியைச் சாய்வுப் பலகையில் பிடித்து இறக்கிக் கொண்டுவந்து, தரையின் மேல்பக்கம் நிறுத்திப் பிரேக்கைப் போட்டார். டெய்லரம்மா அந்தப் பிரேக்கை எடுத்தார்.

"யாரும் தொடாதீங்க."

நாற்காலி அசையவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தச்சரின் கை பாதி நீண்டு நின்றது. டெய்லரம்மா சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். அப்போதுதான் நகர்ந்தது, நடக்கப் பழகுகிற குழந்தையின் வேகம். பத்தடியைக் கடந்து குத்துக்கல்லில் 'டொக்' என்று முட்டி நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் டெய்லரம்மா. பிறகு நாற்காலியைத் திருப்பினார். ஏறுவது இறங்குவது போலில்லை. இரண்டு தடவை பாதியில் நின்று மூச்சு வாங்கினார். மகள் ஓரடி முன்னால் வந்தாள். ரோலர் அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். டெய்லரம்மா மேலே வந்து சேர்ந்து, பிரேக்கைப் போட்டு, கையில் ஒட்டிய மணலைச் சேலையில் துடைத்தார்.

"அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துட்டு வாங்க. போன வாரமே கடையில சொல்லி வாங்கி வச்சிருக்கேன்" என்றார். கோட்டும் நூலும் கத்தரியும் வந்தன. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும். ஊசியில் நூலைக் கோத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப எல்லாரும் உள்ள போங்க."

போனார்கள். கதவைத் தச்சரே சாத்தினார். சமையலறையில் மூவரும் நின்றார்கள். பின்பக்கத்தைப் பார்க்கிற சின்ன ஜன்னல் ஒன்று அங்கே இருந்தது. மூவருமே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ரோலர் டீக்குத் தண்ணீர் வைத்தாள். வெளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மகள் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பப்போனாள்.

"பார்க்காதே" என்றார் தச்சர்.

"சும்மா ஒரு தடவை."

"எனக்கும்தான் பார்க்கணும்போல இருக்கு. பார்க்காதே."

டீ கொதித்து இறங்கியது. குடித்தார்கள். நாலே முக்காலுக்கு மகளின் போன் அடித்தது. வண்டிக்காரர்; தெருமுனைக்கு வந்துவிட்டாராம், வீடு எது என்று கேட்டார். அவள் போனைக் காதில் வைத்தபடி அப்பாவையும் ரோலரையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இல்லைங்க, இன்னைக்கு ஏத்த முடியாது. அம்மா வெளிய வேலையா இருக்காங்க."